ஆய்வுகள் முரண்படும்போது எதை உண்பது, எதைக் குடிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு மாதம் நல்லது என்கிறார்கள், மறுமாதம் கெடுதல் என்கிறார்கள். ஊட்டச்சத்து அறிவியலில் உறுதியாகத் தெரிந்தது என்று எதுவுமே கிடையாதா?

நிறையவே உண்டு, உறுதியாகத் தெரிந்தவை செய்தியாவதில்லை, அவ்வளவுதான். வைட்டமின் சி அறவே இல்லாத உணவை மாதக்கணக்கில் உண்டால் ஸ்கர்வி நோய் வரும் என்பதை இன்று யாரும் விவாதிப்பதில்லை. 1747இல் சாலிஸ்பரி என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில், ஜேம்ஸ் லிண்ட் என்னும் மருத்துவர் நோயுற்ற 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து ஒவ்வோர் இணைக்கும் வெவ்வேறு பொருளைக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர் ஒரு வாரத்துக்குள்ளேயே கண்கூடாகத் தேறினார்கள். வெறும் 12 பேரை வைத்துச் செய்த சோதனை வழிகாட்டப் போதுமானதாக இருந்ததற்குக் காரணம், விளைவு அவ்வளவு பெரியதாகவும் விரைவானதாகவும் இருந்ததே. கருவுறுவதற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொண்டால் குழந்தையின் முதுகுத்தண்டு, மூளைக் குறைபாடுகள் பெருமளவு குறைகின்றன என்பதும் இத்தகைய உறுதியுடையது. முன்பே இக்குறைபாட்டுடன் ஒரு குழந்தையைக் கருவுற்றிருந்த பெண்களிடம் நடத்தி 1991இல் வெளியான சோதனையில் அந்தக் குறைவு 72 சதவீதம். எண்ணெயைக் கெட்டிப்படுத்தும்போது தொழிற்சாலையில் உருவாகும் டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்குக் கேடு என்பதும் அப்படித்தான். டென்மார்க் 2003இலேயே அதற்கு வரம்பு விதித்தது; 2018இல் உலக சுகாதார நிறுவனம் அதை உலகின் உணவுகளிலிருந்தே அகற்றும்படி அழைப்பு விடுத்தது.

முரண்பாடுகள் எழுவது வேறொரு வகைக் கேள்வியில். போதிய உணவு கிடைக்கும் ஒருவர், ஏதோ ஒரு பொருளைச் சற்றுக் கூடுதலாகவோ குறைவாகவோ உண்டுவந்தால், இருபது ஆண்டுகள் கழித்து அவருக்கு மாரடைப்போ புற்றுநோயோ வரும் வாய்ப்பு எவ்வளவு மாறும்? இங்கே விளைவு சிறியது, காலம் நீண்டது, இடையில் குறுக்கிடும் காரணங்கள் எண்ணற்றவை. ஊட்டச்சத்து அறிவியல் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

மருந்தைச் சோதிப்பதுபோல் உணவையும் சோதித்துவிட்டால் தீர்ந்தது அல்லவா?

மருந்துக்கு, பார்க்க அதைப்போலவே இருக்கும் மருந்தில்லாத போலி மாத்திரை உண்டு. முட்டைக்குப் போலி முட்டை கிடையாது. தான் எதைச் சாப்பிடுகிறோம் என்பது சாப்பிடுபவருக்குத் தெரிந்தே இருக்கும். ஒன்றைக் குறைத்தால் அந்த இடத்தை வேறொன்று நிரப்பியாக வேண்டும்; ஆகவே எந்த உணவுச் சோதனையும் ஒரே நேரத்தில் இரண்டு மாற்றங்களைச் சோதிக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பல ஆண்டுகளுக்கு யாரும் சொன்னபடி சாப்பிடுவதில்லை.

இதற்கு நல்ல சான்று, அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 48,835 பெண்களை வைத்து நடத்தி 2006இல் முடிவு வெளியிட்ட பெரும் சோதனை. அதில் ஒரு பிரிவினர் தங்கள் கலோரிகளில் கொழுப்பின் பங்கை 20 சதவீதமாகக் குறைக்க வேண்டும் என்பது இலக்கு. முதலாண்டில் அவர்கள் சுமார் 24 சதவீதத்தை எட்டினார்கள்; ஆறாம் ஆண்டில் அது சுமார் 29 சதவீதத்துக்கு ஏறிவிட்டது. இறுதியில் இதயநோயோ மார்பகப் புற்றுநோயோ குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. கொழுப்பைக் குறைப்பதால் பயனில்லை என்று இதைப் படிக்கலாம். போதிய அளவு குறைக்கவே இல்லை என்றும் படிக்கலாம். இரு தரப்பினரும் அன்றிலிருந்து அப்படித்தான் படித்துவருகிறார்கள். இதே சோதனையை மீண்டும் நடத்திப் பார்ப்பதற்கான பணமும் பொறுமையும் எளிதில் யாருக்கும் வாய்க்காது.

அப்படியானால் செய்திகளில் வரும் ஆய்வுகள் எவ்வகையைச் சேர்ந்தவை?

பெரும்பாலானவை அவதானிப்பு ஆய்வுகள். ஆயிரக்கணக்கான மக்களிடம் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு, பல ஆண்டுகள் காத்திருந்து, யாருக்கு என்ன நோய் வந்தது என்று கணக்கிடுவார்கள். அந்தக் கேள்வித்தாள் ஒன்றை நிரப்பிப் பார்த்தவர்களுக்கு அதன் சிக்கல் உடனே புரியும். 'கடந்த ஓராண்டில் சராசரியாகக் கேரட்டை எத்தனை முறை உண்டீர்கள்: மாதத்துக்கு ஒன்று முதல் மூன்று முறையா, வாரத்துக்கு ஒரு முறையா, வாரத்துக்கு இரண்டு முதல் நான்கு முறையா?' என்ற பாணியில் நூற்றுக்கும் மேற்பட்ட வரிகள் இருக்கும். பொரியலில் கலந்திருந்த கேரட்டை எந்தக் கட்டத்தில் சேர்ப்பது என்று யோசிக்கும்போதே முந்தைய வரியின் விடை சரிதானா என்ற ஐயம் வந்துவிடும். உடல் உண்மையில் செலவிடும் ஆற்றலை, தனியாக அடையாளமிடப்பட்ட நீரைக் குடிக்கவைத்துச் சிறுநீரின் வழியே அளக்கும் முறை ஒன்று உண்டு. அதனுடன் ஒப்பிட்டபோதெல்லாம், மக்கள் தாங்கள் உண்பதைக் குறைத்தே சொல்கிறார்கள் என்பதும், உடல் எடை அதிகமுள்ளவர்கள் இன்னும் கூடுதலாகக் குறைத்துச் சொல்கிறார்கள் என்பதும் தெரியவந்தது.

இதைவிடக் கடினமான சிக்கல், பழக்கங்கள் கூட்டமாக வருவது. காய்கறிகளை அதிகம் உண்பவர் பெரும்பாலும் புகைபிடிக்காதவராகவும், நடைப்பயிற்சி செய்பவராகவும், வருமானம் கூடியவராகவும், உடல் பரிசோதனைகளைத் தவறவிடாதவராகவும் இருக்கிறார். அவருடைய நலத்தில் காய்கறியின் பங்கு எது, மற்றவற்றின் பங்கு எது என்று புள்ளியியலால் ஓரளவு பிரிக்க முடியும். முற்றிலும் பிரிக்க முடியாது. பீட்டா கரோட்டின் என்ற சத்தின் கதை இதைக் கசப்பாகவே உணர்த்தியது. அச்சத்துள்ள காய்கனிகளை அதிகம் உண்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக இருப்பதை அவதானிப்பு ஆய்வுகள் காட்டின. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்கு அச்சத்தை மாத்திரையாகக் கொடுத்தபோது, 1994இல் வெளியான முடிவு எதிர்மாறாக இருந்தது: மாத்திரை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் இதே நோக்கில், பீட்டா கரோட்டினுடன் வைட்டமின் ஏ-வும் கொடுத்து நடத்தப்பட்ட மற்றொரு சோதனையும் கேடு தென்பட்டதால் 1996இல் முன்கூட்டியே நிறுத்தப்பட்டது.

இவற்றையெல்லாம் சொல்வது அவதானிப்பு ஆய்வுகளைக் குப்பையில் போடச் சொல்வதற்காக அல்ல. புகையிலைக்கும் புற்றுநோய்க்குமான தொடர்பு அவதானிப்பிலிருந்தே நிறுவப்பட்டது. ஆனால் கடுமையாகப் புகைபிடிப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு பத்து மடங்குக்கும் மேல் கூடுகிறது. உணவு ஆய்வுகளோ பெரும்பாலும் 10, 20 சதவீத வேறுபாட்டைப் பற்றிப் பேசுகின்றன. கேள்வித்தாளின் பிழைகளும் பழக்கங்களின் பின்னலும் சேர்ந்து தாமாகவே அந்த அளவு வேறுபாட்டைத் தோற்றுவித்துவிடக்கூடும்.

'ஆபத்து 18 சதவீதம் கூடுகிறது' என்று படித்தால் எப்படிப் புரிந்துகொள்வது?

எதிலிருந்து கூடுகிறது என்பதை முதலில் கேட்க வேண்டும். 2015இல் புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச முகமை, பதப்படுத்தப்பட்ட இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குவனவற்றின் முதல் பிரிவில் சேர்த்தபோது, அன்றாடம் உண்ணும் ஒவ்வொரு 50 கிராமுக்கும் பெருங்குடல் புற்றுநோயின் ஆபத்து சுமார் 18 சதவீதம் கூடும் என்றது. வாழ்நாளில் 100 பேரில் 5 பேருக்கு அந்நோய் வரும் ஒரு சமுதாயத்தை எடுத்துக்கொள்வோம். 5-இன் 18 சதவீதம் 0.9. ஆக, அந்த 100 பேரும் வாழ்நாள் முழுக்க நாள்தோறும் 50 கிராம் உண்டால் 5 என்பது ஏறக்குறைய 6 ஆகும். நாடு முழுமைக்கும் கணக்கிட்டால் இது பெரிய எண்ணிக்கை. எப்போதாவது உண்பவரைப் பொறுத்தவரை மிகச் சிறியது. இரண்டும் ஒரே எண்ணின் இரு முகங்கள்.

அந்த முதல் பிரிவில்தான் புகையிலையும் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு 'இறைச்சியும் சிகரெட்டும் ஒன்றே' என்று அப்போது தலைப்பிட்டவர்கள் ஏராளம். அந்தப் பிரிவு சான்று எவ்வளவு உறுதியானது என்பதைத்தான் சொல்கிறது. ஆபத்து எவ்வளவு பெரியது என்பதைச் சொல்லவில்லை.

ஏறக்குறைய எல்லா உணவும் ஏதோ ஓர் ஆய்வில் புற்றுநோயோடு தொடர்புபடுத்தப்படுகிறதே?

உண்மைதான். சமையல் நூல் ஒன்றிலிருந்து தற்செயலாகத் தேர்ந்த 50 பொருட்களை எடுத்து, அவற்றைப் பற்றிய ஆய்வுகளைத் தேடி 2013இல் வெளியிட்ட ஒரு கட்டுரை, அவற்றில் 40 பொருட்களுக்குப் புற்றுநோய் தொடர்பான ஆய்வு இருப்பதைக் கண்டது. தனித்தனி ஆய்வுகள் பெரிய விளைவுகளைச் சொன்னாலும், பலவற்றைத் தொகுத்துப் பார்த்தபோது விளைவுகள் சுருங்கின.

பல அளவுகளை எடுத்தால் ஏதோ ஒன்று தற்செயலாகவே 'குறிப்பிடத்தக்கதாக' வந்துவிடும். 2015இல் ஒரு பத்திரிகையாளர் இதை வேண்டுமென்றே செய்து காட்டினார். 15 பேரிடம் எடை, கொலஸ்ட்ரால், தூக்கம் என 18 அளவுகளை எடுத்து, கறுப்பு சாக்லேட் எடை குறைப்பை விரைவுபடுத்துகிறது என்ற 'முடிவை' ஓர் ஆய்விதழில் வெளியிடவைத்தார். பல நாடுகளின் ஊடகங்கள் அதை அப்படியே பரப்பின.

ஆய்வுக்கு நிறுவனங்கள் பணம் கொடுத்தால் அதைப் புறக்கணித்துவிடலாமா?

புறக்கணிக்க வேண்டியதில்லை, கவனமாகப் படிக்க வேண்டும். சர்க்கரையின் பங்கைத் தணித்து, கொழுப்பின் மீது கவனத்தைத் திருப்பிய 1967ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றுக்குச் சர்க்கரைத் தொழிலின் ஆராய்ச்சி அமைப்பு பணம் கொடுத்திருந்ததை 2016இல் வெளியான ஆவணங்கள் காட்டின. பணம் விடையைத் திரிப்பதைக் காட்டிலும் கேள்வியைத் தேர்ந்தெடுப்பதில்தான் அதிகம் வேலை செய்கிறது என்பது என் கருத்து. தன் பொருளை எதோடு ஒப்பிடுவது என்பதை நிறுவனமே முடிவுசெய்தால், பொய் சொல்லாமலே நல்ல விடையைப் பெற்றுவிடலாம்.

உறுதியான விடை இல்லாத நிலையில் எப்படித்தான் முடிவெடுப்பது? நாளைக் காலை எதையாவது சாப்பிட்டாக வேண்டுமே.

எது சரி என்று தெரியாதபோதும், நம் கணிப்பு தவறினால் என்ன இழப்பு என்பது பெரும்பாலும் தெரிந்திருக்கும். முடிவெடுக்க அதுவே பல நேரங்களில் போதும்.

நாள்தோறும் சர்க்கரை பானம் குடிக்கும் ஒருவர் அதற்குப் பதிலாகத் தண்ணீர் குடிக்கத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். சர்க்கரை பற்றிய எச்சரிக்கைகளில் பாதி மிகை என்று பின்னாளில் தெரியவந்தாலும் அவர் இழந்தது ஒரு சுவையை மட்டும்தான். உடல்நலத்துக்கென்று உயர்ந்த அளவில் ஒரு சத்து மாத்திரையைப் பல ஆண்டுகள் விழுங்குபவரின் நிலை அப்படியல்ல. கணிப்பு தவறினால் பணமும் போகும், பீட்டா கரோட்டின் எடுத்தவர்களைப்போல் உடலும் கெடலாம். சான்று ஒரே அளவுக்குப் பலவீனமாக இருந்தாலும் முதல் முடிவை எளிதாக எடுத்துவிடலாம். இரண்டாவதற்கு மிக வலுவான சான்று கேட்க வேண்டும். பொதுவாக ஒன்றை விடுவதற்குக் குறைந்த சான்று போதும், புதிதாக ஒன்றைச் சேர்ப்பதற்குக் கூடுதல் சான்று வேண்டும். ஆனால் உணவு வகைகளையே கூட்டம் கூட்டமாக விலக்குவது இவ்விதியில் அடங்காது. அங்கே சத்துக் குறைபாடு என்ற உறுதியான கேடு காத்திருக்கிறது.

அடுத்தது, 'எதற்குப் பதிலாக?' என்ற கேள்வி. முட்டை நல்லதா என்று கேட்பதைவிட, முட்டைக்குப் பதிலாக எதை உண்பீர்கள் என்று கேட்பதில்தான் பொருள் இருக்கிறது. பயறு வகைகளுக்குப் பதிலாக முட்டை என்பது ஒரு மாற்றம். சர்க்கரை கலந்த ரொட்டிக்குப் பதிலாக முட்டை என்பது நேர் எதிரான மாற்றம். ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கொலஸ்ட்ரால் உண்ணக்கூடாது என்ற பழைய வரம்பை 2015இல் அமெரிக்க வழிகாட்டுதல்கள் கைவிட்டன. உணவிலுள்ள கொலஸ்ட்ராலைவிட, வெண்ணெய், நெய் போன்றவற்றில் மிகுந்துள்ள நிறைவுற்ற கொழுப்புதான் பெரும்பாலோருக்கு ரத்தத்தின் கொலஸ்ட்ராலை அதிகம் உயர்த்துகிறது. வரம்பு நீங்கியதால் முட்டை மருந்தாகிவிடவில்லை. நடுத்தரமான ஓர் உணவு, நடுத்தரமான உணவு என்ற இடத்துக்குத் திரும்பியது.

உப்பு விஷயத்தில் நிபுணர்களே சண்டையிடுகிறார்கள். யாரை நம்புவது?

சண்டை எங்கே நடக்கிறது என்று பார்த்தால் போதும். உப்பைக் குறைத்தால் ரத்த அழுத்தம் குறைகிறது என்பதில் சண்டை இல்லை; 412 பேருக்கு உணவையே சமைத்துக் கொடுத்து நடத்தி 2001இல் வெளியான சோதனையில், உப்பு குறையக் குறைய அழுத்தமும் படிப்படியாகக் குறைந்தது. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உண்ணும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மிகக் குறைந்த அளவு உப்பும் கேடு தருமா என்பதுதான் விவாதம். அப்படித் தரும் என்று காட்டிய அவதானிப்பு ஆய்வுகளில் பல, ஒருமுறை எடுத்த சிறுநீர் மாதிரியிலிருந்து ஒரு நாள் உப்பைக் கணித்தவை என்பதும், நோயுற்றவர்கள் ஏற்கெனவே உப்பைக் குறைத்திருக்கலாம் என்பதும் அவற்றின் மீதான குறைகள். ஆனால் உலகில் மிகப் பெரும்பாலோர் உண்ணும் அளவு அந்தக் கீழ் எல்லைக்கு அருகில்கூட இல்லை. பத்துக் கிராம் உண்பவர், மூன்று கிராமால் வரும் கேட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

சோடியத்தில் ஒரு பகுதியைப் பொட்டாசியமாக மாற்றிய உப்பைச் சீனக் கிராமங்களில் 20,995 பேரிடம் சோதித்து 2021இல் வெளியிட்ட முடிவில், பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. பங்கேற்றவர்கள் முன்பே பக்கவாதம் வந்தவர்கள், அல்லது 60 வயதைக் கடந்த, ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் உடலில் பொட்டாசியத்தைத் தேக்கும் மருந்து எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இவ்வகை உப்புக்கு மாறக்கூடாது.

காபி?

1981இல் வெளியான ஓர் ஆய்வு காபியைக் கணையப் புற்றுநோயோடு தொடர்புபடுத்தியது. பின்வந்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. 1991இல் சர்வதேச முகமை சிறுநீர்ப்பைப் புற்றுநோயைக் காரணம் காட்டிக் காபியை ஐயத்துக்குரியதாக வகைப்படுத்தி, 2016இல் அதைத் திரும்பப் பெற்றது. காபி அதிகம் குடிப்பவர்களில் புகைபிடிப்பவர்கள் மிகுதி என்பது பழைய முடிவுகளைக் குழப்பியிருந்தது. அதே 2016 மதிப்பீட்டில், 65 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டில் குடிக்கும் எந்தப் பானமும் உணவுக்குழாய்க்குக் கேடாக இருக்கக்கூடும் என்றும் சொன்னார்கள். காபியோ தேநீரோ, சற்று ஆறவிட்டுக் குடிப்பதில் இழப்பு எதுவும் இல்லை. கருவுற்றிருப்பவர்கள் காஃபீனை நாளொன்றுக்கு 200 மில்லிகிராமுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் மதிப்பீடு; மற்ற பெரியவர்களுக்கு 400.

மிதமான மது இதயத்துக்கு நல்லது என்று சொல்லிவந்தார்களே?

அந்த எண்ணம் வலுவிழந்துவிட்டது. பழைய ஆய்வுகள் பலவற்றில் 'குடிக்காதவர்கள்' என்ற பட்டியலில், நோய் வந்ததால் குடியை நிறுத்தியவர்களும் இருந்தார்கள். அவர்களோடு ஒப்பிட்டால் கொஞ்சமாகக் குடிப்பவர் ஆரோக்கியமானவராகத் தெரிவதில் வியப்பில்லை. மதுவை உடல் ஏற்காத மரபணு வேறுபாட்டைப் பயன்படுத்திச் சீனாவில் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், மிதமான குடி பக்கவாதத்திலிருந்து காப்பதாகத் தெரியவில்லை. மது கூடக்கூட ஆபத்தும் கூடியது. புற்றுநோய் உண்டாக்குவதாக மது 1988இலேயே வகைப்படுத்தப்பட்டுவிட்டது. எவ்வளவு சிறிய அளவு எவ்வளவு கேடு என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. குடிக்காதவர் உடல்நலத்துக்காகக் குடிக்கத் தொடங்கக் காரணம் இல்லை என்பதில் வேறுபாடு இல்லை.

நாளுக்கு எட்டு டம்ளர் தண்ணீர் குடித்தே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. 1945இல் அமெரிக்க வாரியம் ஒன்று நாளொன்றுக்கு 2.5 லிட்டர் நீர் தேவை என்றது. அதன் பெரும்பகுதி உணவிலேயே இருக்கிறது என்ற அடுத்த வாக்கியத்தை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. நலமாக உள்ளவர்களுக்குத் தாகம் நல்ல வழிகாட்டி. முதியவர்களுக்குத் தாக உணர்வு மங்கியிருக்கும். சிறுநீரகக் கல் வந்தவர்களும் வெயிலில் உழைப்பவர்களும் தாகத்துக்கு முன்பே குடிக்க வேண்டும்.

பொட்டலத்தில் வரும் மிகையாகப் பதப்படுத்தப்பட்ட உணவுகளைப் பற்றி என்ன தெரியும்?

2019இல் வெளியான ஒரு சோதனையில் 20 பேரை மருத்துவ மையத்திலேயே நான்கு வாரங்கள் தங்கவைத்து, இரண்டு வாரம் அவ்வகை உணவும் இரண்டு வாரம் குறைவாகப் பதப்படுத்திய உணவும் கொடுத்தார்கள். தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் ஒத்திருந்தன; எவ்வளவு வேண்டுமானாலும் உண்ணலாம். முதல் வகை கிடைத்தபோது நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 கலோரி கூடுதலாக உண்டு, ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக எடை கூடினார்கள். ஆட்கள் குறைவு, காலமும் குறைவு. ஆனால் உண்டதைக் கேள்வித்தாளில் கேட்காமல் எடைபோட்டே அளந்த சோதனை என்பதால் இதற்கு மதிப்பு அதிகம். பதப்படுத்தலில் எந்த அம்சம் இதைச் செய்கிறது என்பது இன்னும் தெளிவாகவில்லை.

என் உடம்புக்கு எது ஒத்துக்கொள்ளும் என்பதை நானே சோதித்துப் பார்க்கலாமா?

விரைவாகவும் தெளிவாகவும் தெரியும் விளைவுகளைச் சோதிக்கலாம். மாலைக் காபி தூக்கத்தைக் கெடுக்கிறதா, பால் வயிற்றை உப்பச்செய்கிறதா, உப்பைக் குறைத்த சில வாரங்களில் ரத்த அழுத்தம் இறங்குகிறதா என்பவற்றை வீட்டிலேயே அறியலாம். புற்றுநோய் வராமல் இருப்பதை யாராலும் தன்மீது சோதித்தறிய முடியாது. 'எனக்கு ஒன்றும் ஆகவில்லையே' என்பது அங்கே சான்றாகாது. மரபணுவைப் பார்த்து உணவுமுறை எழுதித்தரும் சேவைகளைப் பொறுத்தவரை, 609 பேருக்குக் குறைந்த கொழுப்பு, குறைந்த மாவுச்சத்து என இரு முறைகளை ஓராண்டு கொடுத்துப் பார்த்து 2018இல் வெளியிட்ட சோதனையில், இரு பிரிவினரும் சராசரியாக ஐந்தாறு கிலோ குறைந்தார்கள். யாருக்கு எந்த முறை உதவும் என்பதைச் சோதித்த மரபணு வகைகளால் கணிக்க முடியவில்லை.

இவ்வளவு ஐயம் இருக்கும்போது, மருத்துவர் சொல்லும் உணவுக் கட்டுப்பாட்டையும் ஐயப்படலாமா?

மேலே சொன்னவை பொதுவாக நலமாக இருப்பவர்களுக்கானவை. குறிப்பிட்ட நோய்களுக்கான கட்டுப்பாடுகள் பல, ஐயத்துக்கு இடமில்லாதவை. சீலியாக் நோய் உள்ளவருக்குக் கோதுமையின் குளூட்டன் குடலைச் சிதைக்கிறது. சிறுநீரகம் செயலிழந்தவருக்கு மிகுந்த பொட்டாசியம் இதயத் துடிப்பையே நிறுத்தக்கூடும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர் கீரையை அறவே விட வேண்டியதில்லை என்றாலும், அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைப்பதால், நாளுக்கு நாள் அளவை மாற்றாமல் ஒரே சீராக உண்ண வேண்டும்; உணவுமுறையை மாற்ற நினைத்தால் முதலில் மருத்துவரிடம் சொல்லி, ரத்தப் பரிசோதனை செய்து மருந்தின் அளவைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.